ஐந்து ரன் முன்னிலையில் தோற்பது எப்படி?

2024 அக்டோபர் 30, புதன்கிழமை இரவு. பிராங்க்ஸில் யாங்கீ ஸ்டேடியம். பேஸ்பால் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். நான்கு இன்னிங்ஸ் முடிந்தபோது எங்கள் நியூயார்க் யாங்கீஸ் 5, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 0. எங்கள் பிட்சர் கெரிட் கோல் அதுவரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. நள்ளிரவு நெருங்கி ஆட்டம் முடிந்தபோது டாட்ஜர்ஸ் 7, யாங்கீஸ் 6. கோப்பையும் அவர்களுக்கே. கோப்பையை முடிவு செய்யும் ஆட்டத்தில் ஐந்து ரன் பின்தங்கிய அணி ஒன்று எழுந்துவந்து ஜெயித்தது உலகத் தொடர் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அந்தச் சாதனைக் குறிப்பில் எங்கள் பெயரும் இருக்கிறது, தோற்றவர்கள் என்ற இடத்தில்.

நான் திருநெல்வேலிக்காரி. நியூ ஜெர்ஸிக்குக் குடிவந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியைச் சொந்தமாக்கிக்கொண்டவள். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு பேஸ்பால் லேசில் பிடிபடாது. பந்து பின்னால் போனால் ரன் கிடையாது. கோட்டுக்குள்ளே அடித்துவிட்டு ஓடாமல் நிற்க முடியாது. டிக்ளேர் கிடையாது, மழையைக் காட்டி டிரா செய்துகொண்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. எத்தனை இன்னிங்ஸ் நீண்டாலும் ஒருவர் தோற்றே தீர வேண்டும். அந்த ஒருவர் நாமாக இருக்கும் இரவுகளை எப்படிக் கழிப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி வந்துவிட்டது. எந்த அணிக்கு ரசிகராக இருந்தாலும் உதவும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

1. ஸ்கோரை உங்கள் கையால் எழுதுங்கள்

பேஸ்பால் ரசிகர்களிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. கட்டம் போட்ட அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மட்டையாளருக்கும் என்ன நடந்தது என்று பேனாவால் குறிப்பது. ஆட்டக்காரர்களுக்கு நிற்கும் இடத்தை வைத்து எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6. வெளியே இடது, நடு, வலது என்று 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் 6-3. ஸ்ட்ரைக் அவுட் என்றால் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். தடுப்பில் தப்பு நடந்தால் ‘ஈ’, பக்கத்தில் தப்புச் செய்தவரின் எண்.

இதில் முதல் லாபம், பேனா பிடித்த கை ரிமோட்டை எறியாது. இரண்டாவது லாபம் பெரியது. எழுதுகிறவர்களுக்குத் தோல்வி ஒரே அடியாக வந்து விழுவதில்லை, கட்டம் கட்டமாக வருகிறது. அந்த ஐந்தாவது இன்னிங்ஸ் என் அட்டையில் எப்படி ஏறியது என்று சொல்கிறேன்.

முதல் கட்டம், கிக்கே ஹெர்னாண்டஸ். ஒரு ஹிட். போகட்டும், ஐந்து ரன் முன்னிலை இருக்கிறது. இரண்டாவது கட்டம், டாமி எட்மன். நடுக்களத்துக்கு நேராக ஒரு பந்து அடித்தார். அங்கே நிற்பவர் ஆரன் ஜட்ஜ். ஆறடி ஏழு அங்குல மனிதர். பள்ளிக்கூடப் பையன் பிடித்துவிடக்கூடிய பந்து. கையுறையில் பட்டுத் தரையில் விழுந்தது. எழுதினேன்: ஈ-8. மூன்றாவது கட்டம், வில் ஸ்மித். ஷார்ட்ஸ்டாப் ஆண்டனி வால்பி பந்தை எடுத்து மூன்றாம் பேஸுக்கு எறிந்தார். எறி தாழ்ந்து மண்ணில் குத்தியது. ஈ-6. மூன்று பேஸிலும் ஆள், ஒருவரும் அவுட் இல்லை.

அப்புறம் கோல் தன் திறமையைக் காட்டினார். காவின் லக்ஸ், ஒரு ‘கே’. ஷோஹெய் ஒத்தானி, இன்னொரு ‘கே’. ஒரு ஆள் மட்டும் பாக்கி. மூக்கி பெட்ஸ் சரியாக அடிக்கவில்லை. பந்து சுழன்றுகொண்டே முதல் பேஸ் பக்கம் மெதுவாக உருண்டது. முதல் பேஸ்காரர் ஆண்டனி ரிஸோ அதை எடுத்தார். எடுத்து எறிய முதல் பேஸில் யாரும் இல்லை. அங்கே ஓடிப்போய் நிற்க வேண்டியவர் பிட்சர். கோல் இரண்டு எட்டு வைத்தார், நின்றார், “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்பதுபோல் ரிஸோவைப் பார்த்துக் கையைக் காட்டினார். பெட்ஸ் பேஸைத் தொட்டுவிட்டார். 5-1. அடுத்து ஃப்ரெடி ஃப்ரீமன், இரண்டு ரன். அடுத்து டியோஸ்கர் ஹெர்னாண்டஸ், இன்னும் இரண்டு ரன். 5-5.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் மைதானப் பணியாளர்கள் ஒய்.எம்.சி.ஏ. பாட்டுக்கு ஆடிக்கொண்டே மண்ணைச் சமன்படுத்துவது யாங்கீ ஸ்டேடியத்தில் வெகுகால வழக்கம். அப்படி ஒரு இன்னிங்ஸுக்குப் பிறகு எந்த முகத்தோடு ஆடுவார்கள் என்று யோசித்தபோதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

2. கணக்கில் ஏறாத தப்பை ஓரத்தில் குறியுங்கள்

ஜட்ஜ் விட்டதற்கு ஈ-8 உண்டு. வால்பி எறிந்ததற்கு ஈ-6 உண்டு. முதல் பேஸுக்குப் போகாமல் நின்ற கோலுக்கு என்ன? ஒன்றும் கிடையாது. பேஸ்பாலின் அதிகாரபூர்வ ஸ்கோர் விதிப்படி, யோசனையில் நேர்ந்த பிசகு ‘எரர்’ கணக்கில் சேராது. கை தவறினால்தான் தப்பு, புத்தி தவறினால் தப்பில்லை. ஆகவே அந்தப் பந்து பெட்ஸுக்கு ஒரு ஹிட்டாகப் பதிவாயிற்று. மட்டை நுனியில் பட்டு உருண்ட பந்து, உலகத் தொடர் ஏட்டில் ஹிட்!

வேடிக்கை அதோடு முடியவில்லை. பிட்சர் கொடுத்த ரன்களில், அவர் பேரில் எழுதவேண்டியவை எவை, சகாக்களின் தப்பால் போனவை எவை என்று பேஸ்பால் பிரித்து வைக்கும். அந்த இரண்டு எரரும் நடந்திராவிட்டால் இன்னிங்ஸ் எப்போதோ முடிந்திருக்கும் என்பது கணக்கு. அதனால் ஐந்து ரன்னில் ஒன்றுகூடக் கோல் தலையில் விழவில்லை. ஏட்டைப் பார்த்தால் மனிதர் அன்று அப்பழுக்கற்றவர்.

பிட்சர் முதல் பேஸுக்கு ஓடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வருஷா வருஷம் பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் பயிற்சி முகாம் தொடங்கும்போது பிட்சர்களுக்குத் தரும் பாலபாடம் அது. பந்து வலப்பக்கம் போனால் கேள்வி கேட்காமல் ஓடு. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களையும் வரிசையில் நிறுத்தித் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள்.

அதனால்தான் அட்டையின் ஓரம் எனக்கு முக்கியம். கட்டத்துக்குள் விதி சொல்வதை எழுதுவேன். ஓரத்தில் நடந்ததை எழுதுவேன். அன்று எழுதியது: “கோல் போகலை.” தோல்வியை நினைத்து நினைத்துப் புழுங்குகிறவர்கள் பெரும்பாலும் கட்டத்தை மட்டும் பார்க்கிறவர்கள். எங்கே கை நழுவியது என்று விவரமாகத் தெரிந்துவிட்டால் பாதிக் கோபம் கேலியாக மாறிவிடும். மீதிக் கோபத்துக்கு முறுக்கு இருக்கிறது.

3. முன்னிலையில் இருக்கும்போது போனைத் தொடாதீர்கள்

முறுக்கு என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. மறுநாள் தீபாவளி. நாங்கள் ஐந்தாவது இன்னிங்ஸில் அல்லாடிக்கொண்டிருந்தபோது இங்கே இரவு ஒன்பதரைக்கு மேல். திருநெல்வேலியில் தீபாவளிக் காலை ஏழு மணி. அடுப்பில் வீட்டுக்காரர் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். சரியாக வால்பி பந்தை மண்ணில் எறிந்த நேரத்தில் அம்மா வாட்ஸ்அப்பில் வந்தாள்.

“எண்ணெ தேய்ச்சுக் குளிச்சாச்சாட்டி?”

“இங்க இன்னும் ராத்திரிம்மா. மேட்ச் போய்க்கிட்டிருக்கு.”

“மூஞ்சியே சரியில்லையே. தோக்குதா?”

“தோக்கலம்மா, அஞ்சு ரன் கூட இருக்கோம்.”

“அப்புறம் ஏன் இப்படி இருக்க?”

இதற்கு என்ன பதில் சொல்வது? பிறகு விஷயத்தை விளக்கியதும் அம்மா, “யானைக்கும் அடி சறுக்கும், விடு” என்றாள். ஒரு யானை சறுக்கினால் விடலாம். ஒரே இன்னிங்ஸில் வரிசையாக மூன்று யானை சறுக்கினால் தரையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் மாடிவீட்டு அண்ணாச்சி நாகர்கோவில்காரர், மெட்ஸ் ரசிகர். நியூயார்க்கின் இன்னொரு அணி அது. 5-0 என்று இருந்தபோது அவருக்கு நான் ஒரு எழுத்து அனுப்பவில்லை. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். ஆட்டம் 5-5 ஆனதும் அவரிடமிருந்து வந்தது: “என்ன தாயி, முறுக்கு வாசம் மேல வரைக்கும் வருது, ஸ்கோர் வாசத்தக் காணோம்?”

அவருக்குப் பேசத் தகுதி இல்லை என்றுதான் நினைத்தேன். பத்து நாளுக்கு முன்பு இதே டாட்ஜர்ஸிடம் மெட்ஸும் தோற்று வெளியேறியிருந்தது. மறுநாள் முறுக்குத் தூக்கோடு மேலே போனபோது அதைச் சொன்னேன். அண்ணாச்சி முறுக்கைக் கடித்துக்கொண்டே, “நாங்க அவங்ககிட்ட ரெண்டு மேட்ச் ஜெயிச்சுட்டுத் தோத்தோம். நீங்க ஒண்ணு” என்றார். உண்மைதான். மெட்ஸ் தோற்றது நாலுக்கு இரண்டு, நாங்கள் நாலுக்கு ஒன்று. முன்னிலையில் இருந்தபோது நான் வாய்விட்டிருந்தால் இந்தப் பேச்சு கிறிஸ்துமஸ் வரை நீண்டிருக்கும். அன்றோடு முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? டிசம்பரில் எங்கள் வலதுகள வீரர் ஹுவான் சோட்டோ, அந்த சீசனில் எங்களுக்காக 41 ஹோம் ரன் அடித்தவர், 15 வருஷத்துக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் மெட்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார். அண்ணாச்சி மாடிப்படியில் இறங்கி வந்த சத்தத்திலேயே செய்தி தெரிந்துவிட்டது. அடுத்த சீசனில் மெட்ஸ் கடைசி நாளில் தோற்று, பிளேஆஃபுக்கே வராமல் போனது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிரசம் கொடுத்தனுப்பினேன்.

4. பழியை ஒருவர் தலையில் கட்டாதீர்கள்

அந்த இரவுக்குப் பிறகு ஊரே ஜட்ஜைத் திட்டியது. பந்தை விட்டவர் அவர்தான். ஆனால் அந்த சீசனில் 58 ஹோம் ரன் அடித்து எங்களை அங்கே கூட்டிவந்தவரும் அவர்தான். அன்றைய முன்னிலையைத் தொடங்கிவைத்ததும் முதல் இன்னிங்ஸில் அவர் அடித்த இரண்டு ரன் ஹோம் ரன்தான்.

தவிர, ஐந்தாவது இன்னிங்ஸோடு ஆட்டம் தோற்றுவிடவில்லை. ஆறாவதில் நாங்கள் 6-5 என்று மறுபடி முன்னேறினோம். எட்டாவதில் புதிதாகத் தோற்றோம். மூன்று பேஸிலும் ஆள் ஏறவிட்டோம். லக்ஸ் உயரே அடித்த பந்தைப் பிடித்து அவுட் ஆக்கியும், அந்த இடைவெளியில் ஒருவர் ஓடிவந்து ரன் எடுத்தார், 6-6. அடுத்து ஒத்தானியின் மட்டை எங்கள் கேட்சர் ஆஸ்டின் வெல்ஸின் கையுறையில் தட்டியது. கேட்சர் குறுக்கிட்டார் என்று ஒத்தானிக்கு முதல் பேஸ் இனாம். பிறகு பெட்ஸ் இன்னொரு பந்தை உயரே அடித்தார், அதையும் பிடித்தோம், 6-7. கடைசி இரண்டு ரன்னும் நாங்கள் பந்தை ஒழுங்காகப் பிடித்தபோது போனவை! பிடிக்காமல் விட்டதற்கு ஐந்து, பிடித்ததற்கு இரண்டு.

முதல் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் பத்தாவது இன்னிங்ஸ், நாங்கள் 3-2 முன்னிலை. ஒரு மாதத்துக்கும் மேலாக ஆட்டத்தில் பந்து எறியாத நெஸ்டர் கோர்டெஸை இறக்கினார்கள். முதல் பந்தில் ஒத்தானி அவுட். பெட்ஸுக்கு வேண்டுமென்றே பேஸ் கொடுத்து அனுப்பினார்கள், மூன்று பேஸிலும் ஆள். இரண்டாவது பந்தை ஃப்ரீமன் கிராண்ட் ஸ்லாமாக, அதாவது நாலு ரன் தரும் ஹோம் ரனாக, அடித்தார். உலகத் தொடரில் ஆட்டத்தை அத்தோடு முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் அது. இரண்டே பந்து எறிந்து சரித்திரத்தில் ஏறியவர் கோர்டெஸ்.

இத்தனை பேர் கைகொடுத்த தோல்வியை ஒருவர் கணக்கில் எழுதினால் மற்றவர்களின் உழைப்பை மதிக்காததாகிவிடும். பழியைப் பிரித்துப் பார்த்தால் யார் மேலும் அதிக நேரம் கோபப்பட முடியாது. தூக்கமும் வரும்.

5. பழைய கோப்பைகளை எடுத்து வராதீர்கள்

தோற்ற மறுநாள் யாராவது கிண்டல் செய்தால் யாங்கீஸ் ரசிகரின் வாய் தானாகச் சொல்லும்: “27 கோப்பை.” சொல்லாதீர்கள். கடைசியாக வாங்கியது 2009இல். அந்த வருஷம் பிறந்த குழந்தைக்கு இப்போது மீசை அரும்பியிருக்கும்.

சரித்திரத்தைத் தோண்டினால் நமக்கு வேண்டியது மட்டுமா கிடைக்கும்? 2004இல் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக 3-0 என்று முன்னிலையில் இருந்து, அடுத்த நான்கு ஆட்டத்தையும் தோற்ற அணி நாங்கள்தான். அதற்கு முன்பு பேஸ்பாலில் எந்த அணியும் அப்படித் தோற்றதில்லை. 2024இல் டாட்ஜர்ஸிடம் 0-3 என்று கிடந்து, நான்காவது ஆட்டத்தை 11-4 என்று ஜெயித்ததும் எங்கள் கூட்டத்தில் ஒரு புதுத் தெம்பு பிறந்தது: “2004இல் ரெட் சாக்ஸ் செய்யவில்லையா?” அவர்கள் அதைச் செய்தது யாருக்கு என்பதை எல்லாரும் சௌகரியமாக மறந்துவிட்டோம். தன்னுடைய பழைய அவமானத்தையே நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கிறவரை அடையாளம் காண எளிது. யாங்கீஸ் தொப்பி போட்டிருப்பார்.

6. அடுத்த சீசன் தேதியைத் தெரிந்துவையுங்கள்

பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். துக்கம் காக்க நேரம் தரமாட்டார்கள். தரக்கூடிய ஒன்று உண்டு, எதிர்பாராத பழிவாங்கல்.

அந்த நெஸ்டர் கோர்டெஸை டிசம்பரில் மில்வாக்கி புரூவர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். 2025 மார்ச் 29 அன்று சீசனின் இரண்டாவது ஆட்டம். யாங்கீ ஸ்டேடியத்தில் எதிரணிக்குப் பந்து எறிய வந்தவர் அவரே. முதல் பந்து, பால் கோல்ட்ஸ்மிட், ஹோம் ரன். இரண்டாவது பந்து, கோடி பெலிஞ்சர், ஹோம் ரன். மூன்றாவது பந்து, ஜட்ஜ், ஹோம் ரன். அன்று எங்கள் ஆட்கள் அடித்தது ஒன்பது ஹோம் ரன். யாங்கீஸின் ஒரே ஆட்டச் சாதனை. 20-9 என்று ஜெயித்தோம். எங்களைக் கவிழ்த்தது ஃப்ரீமன், அடி வாங்கியது கோர்டெஸ். நியாயம் என்று சொல்ல முடியாதுதான். ரசித்தேன் என்று சொல்ல முடியும்.

அதற்காக ரொம்பவும் ஏறிவிடாதீர்கள். அதே வருஷம் அக்டோபரில் டொரண்டோ புளூ ஜேஸுக்கு எதிராக 6-1 என்று பின்தங்கியிருந்து, ஐந்து ரன்னையும் திருப்பி அடித்து 9-6 என்று ஜெயித்தோம். கடன் தீர்ந்தது என்று சந்தோஷமாகப் படுத்தேன். மறுநாள் 5-2 என்று தோற்று வெளியேறிவிட்டோம்.

7. தோற்ற அறிவைப் பக்கத்து ஊருக்கும் கொடுங்கள்

எங்களை வெளியேற்றிய டொரண்டோ, 1993க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடருக்குப் போனது. எதிரில் அதே டாட்ஜர்ஸ். ஸ்கார்பரோவில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், யாழ்ப்பாணத்துக்காரி. அந்த அக்டோபர் முழுக்க அவளிடமிருந்து எனக்கு நீலச் சட்டைப் படங்கள்தான் வந்தன. முன்னிலையில் இருப்பவர்கள் போனைத் தொடக்கூடாது என்ற பாடம் கனடாவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

நவம்பர் 1, ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் டொரண்டோ 4-3 முன்னிலை, இன்னும் இரண்டு அவுட் எடுத்தால் கோப்பை. மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்து 4-4 ஆக்கினார். டொரண்டோ முறையில் மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட். மூன்றாம் பேஸில் நின்றவர் ஐசையா கைனர்-ஃபலேஃபா, முன்பு எங்கள் அணியில் ஆடியவர். பேஸை ஒட்டியே நின்றார். இரண்டாம் பேஸ் பக்கம் வந்த பந்தை ரோஹாஸ் தடுமாறி எடுத்துக் கேட்சருக்கு எறிந்தார். கைனர்-ஃபலேஃபா மயிரிழையில் அவுட். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் ஹோம் ரன், டாட்ஜர்ஸ் 5-4, கோப்பை மறுபடியும் அவர்களுக்கு.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். “இனி உந்தப் பேஸ்போலே வேண்டாமப்பா. அவன் ரெண்டடி முன்னுக்கு நிண்டிருந்தா வெண்டிருப்பம்.”

“ஸ்கோர் அட்டை எழுதினியா?”

“எழுதினன். நாலு-ரெண்டு எண்டுதான் கிடக்கு. அவன் எங்க நிண்டவன் எண்டதை எந்தக் கட்டத்தில எழுதுறது?”

பேஸை விட்டு ரொம்பத் தள்ளி நின்றால் நேராக வரும் பந்தில் இரண்டு பேர் அவுட்டாகும் அபாயம் உண்டு. அதற்குப் பயந்துதான் ஒட்டி நின்றார். அதை அவளுக்குச் சொன்னேன். கோலுக்கும் ஈ கிடையாது, இவருக்கும் ஈ கிடையாது என்றேன். ஓரத்தில் எழுதச் சொன்னேன்.

“ஓரத்தில இடம் காணாதடியப்பா, எனக்கு எழுத நிறையக் கிடக்கு” என்றாள். இனிமேல் வேண்டாம் என்றவள், ஏழு ஆட்டத்தையும் இன்னிங்ஸ் இன்னிங்ஸாகப் பிரித்து முக்கால் மணி நேரம் பேசினாள். நடுவில் இரண்டு தடவை சிரிக்கவும் செய்தாள். அடுத்த சீசனுக்கு எனக்கு ஸ்கோர் அட்டைப் புத்தகம் வாங்கும்போது அவளுக்கும் சேர்த்து ஒன்று வாங்கினேன், ஓரம் அகலமாக இருக்கிறதா என்று திறந்து பார்த்து.